பிஸ்கட்டுக்கு ஓடத் தெரியாது

ஓடெலின் வேட்டைப் பண்ணைக்குள் நுழைந்ததுமே ஆல்வின் பழக்கதோஷத்தில் ஹாரனை அடித்துவிட்டான். டெக்சாஸ் பண்ணைகளில் அந்தச் சத்தம்தான் மாட்டுக்கும் மானுக்கும் சாப்பாட்டு மணி.

"அந்த மானைத் துரத்திவிட வந்திருக்கோம். நீ விருந்துக்குக் கூப்பிடுற," என்றாள் அவன் மனைவி வெர்னா.

"கை தானா போயிடுச்சு, சுகர்." அவளை அவன் செல்லமாகக் கூப்பிடுவது அப்படித்தான்.

மழை பொய்த்த இரண்டாம் கோடையில் அவர்களுடைய சஃபாரி பூங்காவை மூட வேண்டியதாயிற்று. வரிக்குதிரை, நெருப்புக்கோழி, மான் எல்லாவற்றையும் மொத்தமாக ஓடெலிடம் விற்றுவிட்டான் ஆல்வின். வெர்னா தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்த வாரம் அது. தாய் ஒதுக்கிய குட்டியை எடுத்து, அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த வெளிமான் பிஸ்கட்டும் அதே லாரியில் ஏறிப் போய்விட்டது.

திருப்பிக் கேட்டுப் பார்த்தாள். ஓடெல் கெட்டவன் இல்லை. ஆனால் வாக்குக் கொடுத்திருந்தான்.

"ஹூஸ்டன்லேர்ந்து ஒரு பல் டாக்டர் காசு கட்டி வேட்டைக்கு வர்றாரும்மா, சனிக்கிழமை," என்றான் பின்சீட்டிலிருந்து. "படத்தைப் பார்த்து இந்தக் கொம்புதான் வேணும்னுட்டாரு. மான் ஆளைக் கண்டு பயந்து புதருக்குள்ள போய் ஒளிஞ்சுகிட்டா வேற ஒண்ணு அடிச்சுட்டுப் போவாரு. அதுக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன்."

அந்த ஒரு வழிதான் பாக்கி இருந்தது.

ஹாரன் சத்தத்துக்குப் புதர் விலகியது. முறுக்குக் கொம்பும் கறுத்த முதுகுமாக பிஸ்கட் நேராக வண்டியை நோக்கி வந்தது. வெர்னா இறங்கிக் கையை வீசினாள். "போ. போயிடு."

அது நெருங்கி வந்து அவள் சட்டைப்பையை முகர்ந்தது.

ஆல்வின் தொப்பியைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு கத்தியபடி ஓடினான். மான் ஒதுங்கி நின்று அவனை வேடிக்கை பார்த்தது.

"கல்யாணத்துல கூட நீ இப்படி ஆடலையேப்பா," என்றான் ஓடெல். யாரும் சிரிக்கவில்லை.

வெர்னா குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். முதல் கல் வேண்டுமென்றே தவறியது. இரண்டாவது விலாவில் பட்டது. பிஸ்கட் துள்ளி விலகி, கொஞ்ச தூரம் ஓடி நின்றது. இன்னும் பத்தடி போனால் புதர்.

மான் திரும்பிப் பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்தி, ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல மெல்ல நடந்து வந்து அவள் கையில் மூக்கை வைத்தது. விலாவில் தோல் உரிந்திருந்தது.

"இன்னொரு தடவை எறி, சுகர்."

"என்னால ஆகாது. நீ எறி."

ஆல்வின் கல்லை எடுத்தான். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டுக் கீழே போட்டான். "உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்," என்றான்.

"கேட்டிருக்கணும்."

இருவரும் வண்டியில் ஏறினார்கள். வண்டி கிளம்பியது. பிஸ்கட் அவள் ஜன்னலோரமாகவே கூட ஓடிவந்தது.

"வேகமாப் போனா பின்தங்கிடும். அழுத்தட்டுமா?" என்றான் ஆல்வின்.

"வேணாம். சரளைக்கல்லு, கால் ஒடிஞ்சுடும் அதுக்கு," என்றாள் வெர்னா. "மெதுவாவே போ."