நான்காவது இடம்

செம்பாறைக் கோட்டையும் அருகில் காண வேண்டிய இடங்களும் என்று எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒரு பலகை இருக்கிறது. அதில் நான்காவதாக எங்கள் வீட்டைச் சேர்த்துவிட்டார்கள். முதலில் கோட்டை. பிறகு நெற்களஞ்சியம், பீரங்கி மேடு. அப்புறம் நாங்கள். ஐந்தாவது யானைக்குளம்.

காரணத்தையும் கீழே எழுதியிருந்தார்கள். "இங்கு வசிப்பவர் மதிலிலிருந்து முந்நூறு அடியில் இருபத்துமூன்று ஆண்டுகளாகக் குடியிருந்தும் கோட்டையைப் பார்த்ததில்லை." நான் பத்திர எழுத்தர். பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்தேன். இல்லை. தகவலும் சரிதான்.

என் பக்கத்து நியாயத்தை அவர்கள் எழுதவில்லை. கோட்டையை நான் தினமும் எழுதுகிறேன். இந்த ஊரில் பாதி மனைகளுக்கு மேற்கு எல்லை அதுதான். "மேற்கே கோட்டை மதில்" என்று ஐயாயிரம் தடவையாவது எழுதியிருப்பேன். அத்தனை தடவை எழுதிய ஒன்றைப் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? தவிர, அது எங்கே ஓடிவிடப் போகிறது?

என் மனைவி வேதவல்லி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பாள். "இன்னிக்காவது கோட்டைக்குப் போலாமாங்க?"

"அடுத்த ஞாயிறு பாக்கலாம்" என்பேன். ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை. இதை அவளே ஒப்புக்கொள்வாள்.

பலகை வைத்த மறுநாளிலிருந்து வேன்கள் வரத் தொடங்கின. ஒரு நாளைக்கு நான்கு. வழிகாட்டி தேவசகாயம் கையில் ஒரு பிரம்போடு முதலில் இறங்குவார். வாசலில் செருப்பு விடக் கொட்டகை போட்டுக் கன்னியம்மாள் என்ற அம்மாளை உட்கார வைத்தார்கள். செருப்பை வாங்கிக்கொண்டு தகர டோக்கன் கொடுப்பது அவர் வேலை. எங்கள் செருப்பை மட்டும் அவர் தொடமாட்டார். நாங்கள் காட்சிப் பொருள்.

கூடத்தில் கயிறு கட்டியிருந்தது. நாங்கள் உள்பக்கம். ஒருவர் நான் பேனாவுக்கு மை ஊற்றுவதைப் படம் எடுத்தார். ஓர் அம்மாள் ரசத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுவும் அந்தக் காலத்து ரசமா?" என்று கேட்டார். "நேற்று வைத்தது" என்று தேவசகாயம் பிரம்பால் சுட்டிக் காட்டினார்.

ஓர் இடத்துக்குப் பதினைந்து நிமிடம். ஹாரன் அடித்ததும் தேவசகாயம், "பாத்தாச்சா?" என்று கேட்பார். எல்லோரும், "பாத்தாச்சு" என்பார்கள். பார்த்த இடத்துக்கு யாரும் இரண்டாம் தடவை வந்ததில்லை.

பக்கத்து வீட்டுச் சீதாபதி எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அவரும் கோட்டைக்குப் போகாமல் பத்தொன்பது ஆண்டு தாக்குப் பிடித்தவர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு தடவை அழைத்துப் போய்விட்டார்கள் என்று தெரிந்து தன் வீட்டையும் பலகையில் சேர்க்கக் கேட்ட அவர் மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை கடைசி வேன் போன பிறகு வேதவல்லி கயிற்றில் துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள். "ஊரு உலகமெல்லாம் நம்மளப் பாத்துட்டுப் போவுது. நான் எதைப் பாத்தேன்?"

நான் பேனாவைக் கழுவி வைத்தேன். மறுநாள் காலை சோறு வடித்து மூடி வைத்துவிட்டு, முதல் வேனில் ஏறிப் போய்விட்டாள்.

மூன்றாவது வேன் வந்தது. தேவசகாயம் காலி அடுப்பைக் காட்டி, "இங்கே ஒரு மனைவி இருந்தார்" என்று விளக்கினார். வந்தவர்கள் அடுப்பைப் படம் எடுத்தார்கள்.

"அவ எங்கே?" என்று கேட்டேன்.

"கோட்டையிலேர்ந்து இறங்கலீங்க. மேலயே இருக்காங்க."

"எப்ப வருவா?"

"அது மொதல் இடத்து விஷயம். நாலாவது இடத்துல நின்னுக்கிட்டு அதப் பேச எனக்கு அனுமதி இல்லீங்க."

எனக்குப் பயம் வந்தது. கோட்டையை ஐந்தரைக்கு மூடிவிடுவார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே வந்தேன்.

நுழைவுச்சீட்டு ஜன்னலுக்குள் ஒரு கண்ணாடிக்காரர் இருந்தார். "உள்ளூரா, வெளியூரா?" என்றார்.

"உள்ளூர்."

"உள்ளூருக்குச் சீட்டே அச்சடிக்கலியே. யாரும் வர்றதில்ல."

"நான் வந்திருக்கேனே."

"இதுவரைக்கும் பாக்கலேன்னு எழுதிக் குடுங்க. ரெண்டு சாட்சி வேணும்."

இது எனக்குத் தெரிந்த வேலை. நின்றபடியே எழுதினேன். இன்னாருடைய குமாரன் இன்னார் ஆகிய நான், யாருடைய தூண்டுதலும் இன்றி, சுய நினைவுடன், மேற்படி கோட்டையைப் பார்க்காமலே இருந்து வந்தேன் என்று எழுதி நான்கு எல்லையும் போட்டேன். பழக்க தோஷத்தில் மேற்கே கோட்டை மதில் என்று வந்துவிட்டது. கண்ணாடிக்காரர் அதை அடிக்கச் சொன்னார். மதிற்சுவரில் உட்கார்ந்திருந்த இரண்டு குரங்குகள் இறங்கி வந்து சாட்சிக் கைநாட்டு வைத்தன. ஒன்று மை போதவில்லை என்று மறுபடியும் வைத்தது.

படிக்கட்டின் அடியில் ஓர் அறிவிப்பு இருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள். உள்ளூர்க்காரர்களுக்கு, தவறவிட்ட ஞாயிறு ஒன்றுக்கு ஒரு படி.

ஏறத் தொடங்கினேன். ஒவ்வொரு படியிலும் ஒரு தேதி செதுக்கியிருந்தது. பக்கத்தில் காரணமும் இருந்தது. முழங்கால் வலி. மழை வரும் போலிருந்தது. மச்சான் வருகிறான். தூக்கம். வெயில். நேற்றுத்தான் கல்யாணத்துக்குப் போய் வந்தோம். மறுபடியும் மழை வரும் போலிருந்தது. நடுவே நாற்பது படிகளுக்குக் காரணமே இல்லை. வெறும் தேதி. அந்த இடத்தில் எனக்கு அவமானமாக இருந்தது. வெளியூர்க்காரர்கள் என்னைத் தாண்டி உற்சாகமாக ஏறிப் போனார்கள். அவர்கள் படிகளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

உச்சியில் ராணி மகால். ஒரு காவலர் நடைவழியைக் காட்டினார். கடைசியில் ஒரு ஜன்னல் தெரிந்தது. நான் நடக்க நடக்க நடைவழி நீண்டது. நின்றால் அதுவும் நின்றது.

"திரும்பி நின்னுக்கிட்டு நடங்க. போறது அதுக்குத் தெரியக் கூடாது" என்றார் காவலர்.

பின்பக்கமாக நடந்தேன். ஜன்னல் சீக்கிரமே வந்துவிட்டது.

கல் ஜன்னலில் கால் நீட்டி உட்கார்ந்து வேதவல்லி வேகவைத்த வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். அவள் முன்னாலும் ஒரு கயிறு கட்டியிருந்தது. மடியில் தோல் சேர்ந்திருந்தது. முகம் நன்றாக இருந்தது. இப்படி நன்றாக இருந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"வந்துட்டீங்களா" என்றாள். "இத்தனை படி ஏறுவீங்கன்னு நெனைக்கல."

"வேதா, மூடப் போறாங்க. கெளம்பு."

"இங்க வந்து பாருங்க. கயித்துக்கு அந்தப் பக்கமே நில்லுங்க, இல்லன்னா விசில் ஊதுவாங்க."

எட்டிப் பார்த்தேன். கீழே எங்கள் வீடு தெரிந்தது. ஓடு, கிணறு, காலையில் அவள் உலர்த்திய என் வேட்டி. வாசலில் கன்னியம்மாள். திறந்திருந்த கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. கூடத்தில் நான் உட்கார்ந்து பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"காலையிலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றாள். "ஒரு தடவகூட நிமிரலீங்க."

"நான் இங்க இருக்கேன், வேதா."

"அதெப்படி? அங்க இருக்கீங்களே."

மறுபடியும் பார்த்தேன். அங்கேதான் இருந்தேன். பேனாவை உதறினேன். தாளைத் திருப்பினேன். யாராவது பார்க்கிறார்கள் என்ற எண்ணமே அந்த ஆளுக்கு இல்லை. எனக்கு அவன்மேல் கோபம் வந்தது.

"வீட்டுக்கு வா" என்றேன். "எனக்கு ஒண்ணும் ஓடல. வந்துடு."

அவள் ஒரு கடலையை உரித்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அடுத்த ஞாயிறு பாக்கலாங்க" என்றாள்.

அந்த வார்த்தை காதில் விழும்போது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

விசில் ஊதினார்கள். இறங்கினேன். இறங்கும்போது முந்நூற்றுப் பன்னிரண்டு படிதான் இருந்தது.

வீட்டில் என் இடம் காலியாக இருந்தது. எழுதி முடித்த பத்திரம் மேசைமேல் இருந்தது. கையெழுத்து என்னுடையதுதான். நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. உட்கார்ந்துகொண்டேன்.

சனிக்கிழமை மேசையை வாசல் பக்கம் இழுத்துப் போட்டேன். அங்கிருந்து ராணி மகாலின் ஜன்னல் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. ஒரு வரி எழுதுவேன். நிமிர்வேன். இன்னொரு வரி எழுதுவேன். நிமிர்வேன். ஒரு கிரயப் பத்திரத்தில் விற்றவர் பெயரும் வாங்கியவர் பெயரும் இடம் மாறிப் போயின. தேவசகாயம் மேசையைப் பழைய இடத்துக்கே தள்ளினார். காட்சிப் பொருள்களை நகர்த்தக் கூடாது என்றார்.

"அவரு ஏன் அடிக்கடி மேல பாக்கறாரு?" என்று வேனில் வந்த ஒருவர் கேட்டார்.

"பொண்டாட்டி கோட்டையில இருக்காங்க. காலையில பாத்தீங்களே."

"ஆமாமா. கடலை தின்னுக்கிட்டிருந்தாங்க. நல்லா இருந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்குச் சோறு வைத்தேன். குழைந்துவிட்டது. முதல் வேனில் அவள் வரவில்லை. இரண்டாவதில் வரவில்லை. மூன்றாவது வேனில், மூன்றாவது இருக்கையில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வந்தாள்.

எல்லோரோடும் இறங்கினாள். வரிசையில் நின்றாள். செருப்பைக் கழற்றிக் கன்னியம்மாளிடம் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டாள். பிறகு உள்ளே வந்து கயிற்றுக்கு வெளியே நின்றாள்.

"இங்கு வசிப்பவர்" என்று தேவசகாயம் ஆரம்பித்தார்.

அவள் பொறுமையாகப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். குழைந்த சோற்றைப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய தன் பையைப் புதிதாகப் பார்ப்பவள் போல் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் நிமிர்ந்தே இருந்தேன். கண் எரிந்தது. குனியவில்லை.

"இவரு எப்பவும் இப்படியேதான் உக்காந்திருப்பாரா?" என்று அவள் தேவசகாயத்தைக் கேட்டாள்.

"இருபத்துமூணு வருஷமா" என்றார்.

"வேதா" என்றேன்.

"காட்சிப் பொருள் பேசக் கூடாதுங்க" என்றார் தேவசகாயம்.

"நீ இல்லாம இந்த வீட்ல பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். விதியை மீறித்தான் சொன்னேன். கூட்டத்தில் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

ஹாரன் அடித்தது.

"பாத்தாச்சா?" என்று தேவசகாயம் கேட்டார்.

"பாத்தாச்சு" என்றார்கள் எல்லோரும்.

அவள் குரலும் அதில் இருந்தது. தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. பார்த்த இடத்துக்கு யாரும் இரண்டாம் தடவை வருவதில்லை.

கயிற்றைத் தாண்டினேன். தேவசகாயம் பிரம்பைக் குறுக்கே நீட்டினார்.

"அடுத்தது யானைக்குளம் தானே? நானும் வரேன்."

"நாலாவது இடம் அஞ்சாவது இடத்துக்கு வர முடியாதுங்க. வரிசை கெட்டுப் போவும்."

அவர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். வேன் புறப்பட்டது. ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. கை ஆட்டவில்லை. பார்த்துக்கொண்டே போனாள்.

வாசலுக்கு வந்தேன். கொட்டகையில் எல்லாக் கட்டங்களும் காலியாக இருந்தன. ஒரே ஒரு கட்டத்தில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. இடது காலில் வார் அறுந்து நான் ஊக்கு குத்திக் கொடுத்த செருப்பு.

"இத விட்டுட்டுப் போயிட்டாளே" என்றேன்.

"டோக்கன் அவங்ககிட்ட இருக்குதுய்யா" என்றார் கன்னியம்மாள்.

நான் என் செருப்பைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன்.

"உங்க செருப்ப நான் தொடக் கூடாதுய்யா. நீங்க பாக்க வந்தவரு இல்லியே."

"பாக்கத்தான் போறேன்."

"எந்த இடம்?"

"அஞ்சாவது."

அவர் யோசித்தார். பிறகு என் செருப்பை எடுத்து அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்து, பதினெட்டு என்று போட்ட தகர டோக்கனைக் கொடுத்தார்.

"திரும்பி வந்து டோக்கன் குடுத்தாத்தான் செருப்பு. இல்லன்னா கெடைக்காது."

"தெரியும்மா."

"அந்தம்மாவும் தெரியும்னுதான் சொன்னாங்க" என்றார்.

டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சாலையில் இறங்கி ஒரு தடவை மேலே நிமிர்ந்து பார்த்தேன். ராணி மகால் ஜன்னலில் யாரும் இல்லை. நான்காவது வேன் எதிரே வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றது. ஆட்கள் இறங்கிச் செருப்பைக் கழற்றினார்கள். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தார் சுட்டது. யானைக்குளம் வரைக்கும் ஒரு மரம்கூட இல்லை. கொஞ்சம் வேகமாக நடந்தேன்.