பக்கத்துக் கம்ப்யூட்டர்

நல்லக்கண்ணு நாற்காலியை விட்டு எழுந்ததுகூடப் பரவாயில்லை. எழுந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நேரே கனிமொழியின் மேசைக்குப் போய் உட்கார்ந்தாரே, அதைத்தான் ரோஸ்லினால் தாங்க முடியவில்லை.

"தப்பா நெனைக்காத ரோஸ்லினு. இன்னிக்கு நம்ம வயலுக்கு மொறத்தண்ணி, அவசரமாப் போவணும். அந்தப் புள்ளைக்குக் கை வேகம், சட்டுனு முடிச்சுடும்."

கையாம் கை! ரோஸ்லினின் திரையில் எதுவும் திறக்காமல் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நல்லக்கண்ணு வீட்டுச் சிட்டா, அடங்கல், மகளின் வருமானச் சான்று, பேரனின் ஆதார் எல்லாமே ரோஸ்லின் கைபட்டு வந்தவை. வாசல் போர்டில் இ-சேவை மையம் என்று இருந்தாலும் செம்பனார்கோவில் கடைத்தெருவில் அதற்கு 'ரோஸ்லின் கடை' என்றுதான் பெயர். முதலாளி ரெமிஜியஸே போனில் வழி சொல்லும்போது அப்படித்தான் சொல்வார்.

கனிமொழி ஆடி மாதம் வேலைக்குச் சேர்ந்தவள். வந்த புதிதில் எதற்கெடுத்தாலும், "அக்கா, இத எப்படிக்கா ஏத்தறது?" என்று இவள் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பாள். போன மாதம் அவள் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. மெக்கானிக் பக்கிரி வந்து அதைக் கழற்றிவிட்டு, சீட்டுக்கட்டு அளவில் தட்டையாக ஒரு டப்பாவை மாட்டினான். "இது எஸ்எஸ்டி. பழசு மாதிரி உள்ள எதுவும் சுத்தாது. பட்டனத் தொட்டாப் பறக்கும்" என்றான். எனக்கும் ஒன்று போடச் சொல்லுங்கள் என்று ரோஸ்லின் கேட்டாள். "ஒன்னுதுதான் ஓடுதுல்ல? அறுப்பு முடியட்டும், பாப்போம்" என்றுவிட்டார் ரெமிஜியஸ்.

ஓடுகிற லட்சணம் அவளுக்கல்லவா தெரியும்! பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்க நெருங்கக் கூட்டம் அம்மியது. அத்தனை பேரும் கனிமொழி பக்கம். 'கைராசிக்காரப் புள்ள' என்று ஒருத்தர், 'படிச்ச புள்ள, அதான் மளமளன்னு முடிக்குது' என்று இன்னொருத்தர். "கையில ஒண்ணும் இல்லய்யா, எல்லாம் டப்பாவுல இருக்கு" என்று கத்த வேண்டும்போல் ரோஸ்லினுக்கு வரும். கத்தினால் யாருக்குப் புரியப்போகிறது? வயிறு எரிந்தது. ராத்திரி சோற்றில் கை வைத்தால்கூட அந்தப் பெண்ணின் மேசை முன்னால் நிற்கிற கூட்டம்தான் கண்ணுக்குள் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மற்றவர்கள் கறிக்கடைக்குப் போக, இவள் கடைச் சாவியோடு வந்து ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே நுழைந்தாள். மாதாவே, இது திருட்டு இல்லை, டிஸ்க்கும் கடைக்குச் சொந்தம், கம்ப்யூட்டரும் கடைக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டாள். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரிப் பெட்டிகள். பக்கிரி செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். நாலு திருகாணி, இரண்டு வயர், அவ்வளவுதான். அதை இதிலும் இதை அதிலும் மாட்டி மூடிவிட்டு, நகத்தில் ஒட்டிய தூசியைப் புடவையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை பட்டனைத் தட்டினாள். கைப்பையை மேசைக்கடியில் வைத்து நிமிர்வதற்குள் திரை வந்துவிட்டது. திரையில் பட்டமளிப்பு அங்கியோடு கனிமொழி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எல்லாம் டிஸ்க்கில்தான் இருக்கிறது என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தவள், திரையில் இருக்கிற படமும் அதில்தான் இருக்கும் என்பதை மறந்துபோனாள். பக்கத்து மேசையிலிருந்து கரக் கரக்கென்று பழைய சத்தம் கேட்டது. வட்டம் சுற்றிச் சுற்றி ஓய்ந்து, கடைசியில் பொன்னாடை உடுத்தி, கையில் குழந்தையோடு ரோஸ்லினின் வேளாங்கண்ணி மாதா வந்து நின்றாள்.

கனிமொழி மாதாவைப் பார்த்தாள். மெதுவாகத் திரும்பி ரோஸ்லினைப் பார்த்தாள். வாசலில் ரெமிஜியஸ் யாருக்கோ சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும், ரோஸ்லினின் இத்தனை வருஷத்துப் பெயரும் போய்விடும்.

"மாதா அழகா இருக்காங்கக்கா" என்றாள் கனிமொழி. கீபோர்டை இழுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். அவள் சண்டை பிடித்திருந்தால் ரோஸ்லினும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து ஆறியிருப்பாள். இது இன்னும் எரிந்தது.

பதினோரு மணி வாக்கில் அடங்கலைச் சரியாக ஏற்றவில்லை என்று நல்லக்கண்ணு மறுபடி வந்தார். கால் தானாகக் கனிமொழி மேசைக்குப் போனது. சுற்றட்டும், வட்டம் நன்றாகச் சுற்றட்டும், இப்போது தெரியும் கையின் வேகம் என்று ரோஸ்லின் காத்திருந்தாள். வட்டம் சுற்றியது. இதுவே ரோஸ்லினாக இருந்தால் சூள் கொட்டி மவுஸைத் தட்டியிருப்பாள். கனிமொழி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"தண்ணி வந்துச்சா தாத்தா?"

"எங்கம்மா வந்துச்சு? கடைமடைக்கு வர்றதுக்குள்ள மேலக்காரன் மடையத் தொறந்துட்டான். நான் மம்புட்டியோட ஓடி வழுக்கி வுழுந்ததுதான் மிச்சம்."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். பின்னால் நின்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

"தாத்தா, இது இன்னிக்கு மெதுவாத்தான் வரும். ரோஸ்லின் அக்காகிட்ட போங்க, சட்டுனு முடிஞ்சுடும்."

ரோஸ்லின் முந்தானையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிரே நாற்காலி காலியாக இருந்தது. நல்லக்கண்ணு இந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"இருக்கட்டும்மா. எனக்கென்ன அவசரம்" என்று சொல்லி, காலைத் தூக்கி நாற்காலியில் சம்மணம் போட்டுக்கொண்டார்.

ரோஸ்லினின் திரையில் கனிமொழி சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கத்துத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் குழந்தையை ஏந்தியபடி மாதா நல்லக்கண்ணுவின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.