மணலைப் பிடித்து நிற்கும் மருது

1

இந்தக் கதை ராசிபுரம் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து என் அக்கா சென்னியம்மாள் போனில் சொன்னது. நான் சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டியில் வேலை செய்கிறேன். அவள் சொன்னது பாதி; மீதியை நான் நிரப்பினேன்.

முதல் தொடக்கம்: சலசலவென்று ஓடும் காட்டோடையின் கரையில்... (வேண்டாம். மழை பெய்தால்தான் அதில் தண்ணீர்.)

இரண்டாவது: ஓடைக்குக் குறுக்கே ஒரு மருதமரம் விழுந்து கிடக்கிறது. வெள்ளம் உருட்டி வந்த மணல், தண்ணீர் வரும் மேற்புறத்தில், இடுப்பளவு நிற்கிறது. கீழ்ப்புறம், ஓடையோரம், பெருமாயியின் கிணறு. மேற்புறம் அவள் கொழுந்தன் கண்ணுசாமியின் மரவள்ளிக்காடு. மரம் மறித்த தண்ணீர் காட்டுக்குள் ஏறி, கிழங்கு அழுகுகிறது. அவன் ரம்ப மிஷினோடு வந்தான். பெருமாயி மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

2

"எறங்குங்க அண்ணி. மிஷினுக்குக் கண்ணு கெடையாது."

"உனக்கு இருக்குதல்லோ சாமி? மணலப் பாரு. மரத்த எடுத்தா அத்தனையும் என்ற கெணத்துலதான் வந்து எறங்கும்."

"என்ற கெழங்கு அழுவறது?"

"அதையுந்தான் பாக்கறேன்."

3

இங்கே அவளை ஓடையின் போக்கெல்லாம் அறிந்தவளாக எழுதியிருந்தேன். படித்துக் காட்டினேன். அக்கா சிரித்தாள்.

"அட போடா. போன வருசம் கோயில் நோம்பிக்கு ஓடைய சுத்தம் பண்றோம்னு, மேல கெடந்த இன்னொரு மரத்த டிராக்டர்ல கட்டி இழுக்கச் சொன்னதே அவதான். சங்கிலியும் அவ ஊட்டுதுதான். ஒத்த மழையில மணலு எறங்கி, பக்கத்துக்காட்டுச் சடையன் கெணறு தூந்துபோச்சு."

வாசலைக் கூட்டுவதுபோல ஓடையையும் கூட்டிவிட்டார்கள்.

(அக்கா சொன்ன இதை விட்டுவிட்டால் அவள் இன்னும் நல்லவளாக... இல்லை. இருக்கட்டும்.)

4

முடிவு ஒன்று: கண்ணுசாமி மனம் மாறுகிறான். (ஏன் மாற வேண்டும்? அழுகுவது அவன் கிழங்கு.)

முடிவு இரண்டு: ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து... (கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

அக்கா சொன்னது இவ்வளவுதான். பெருமாயி இறங்கவில்லை. அரிவாளை எடுத்து, செத்தை சேர்ந்து தண்ணீரை ஏற்றிவிட்ட கிளைகளை வெட்டத் தொடங்கினாள்.

"கெளையப் பூரா நான் எடுத்தர்றேன். தண்ணி எறங்கும். அடிமரம் மட்டும் கெடக்கட்டும்."

"எறங்கலீன்னா?"

"வேற வழி பாப்பேன். இன்னொரு கெணத்த என்ற கையால..." அவள் அடுத்த கிளையில் அரிவாளை இறக்கினாள்.

கண்ணுசாமி மிஷினின் கயிற்றை இழுத்தான். அது உறுமியது.

நேற்று மலையில் நல்ல மழையாம். அக்காவை இன்னொரு முறை கூப்பிட்டால் என்ன ஆனதென்று தெரிந்துவிடும். நான் கூப்பிடப் போவதில்லை. மிஷினை அணைப்பதோ, அறுப்பதோ நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவளை மரத்திலிருந்து இறக்கும் வரியை மட்டும் நான் எழுத மாட்டேன்.