ஓட ஓட நிரம்பிய வண்டி

பேக்கரிக்காரியின் கணவர் வாங்கிய டீசல் பைக்கில், சில மாதங்களுக்குப் பிறகு, ஓட ஓட டேங்க் நிரம்பத் தொடங்கியது. மலைப்பாதைக்கும் நெடுந்தூரப் பயணத்துக்குமென்று செய்யப்பட்ட வண்டி அது. ஏறி உட்கார்ந்தால் அவருக்குக் கால் தரைக்கு எட்டாது. இரண்டு பக்கமும் தகரப் பெட்டிகள் வேறு. ஸ்டார்ட் செய்தால் சமையலறையில் தொங்கும் கரண்டிகளெல்லாம் உதறும். நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்த அவர், மேற்கே தெரியும் கணவாயைத் தாண்டிப் போகப்போவதாகக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். போனதென்னவோ அலுவலகத்துக்கும் காய்கறிக் கடைக்கும்தான். வேகம் போதாது, கனம் அதிகம், ரிப்பேர் பார்க்க ஆள் கிடையாது என்று சொன்னவர்களுக்கெல்லாம் "மைலேஜப் பாருங்க" என்று ஒரே பதிலைச் சொன்னதில் தெருவில் அவர் பெயரே மைலேஜ் ஆகிவிட்டது. டேங்க் மூடியைத் தள்ளிக்கொண்டு டீசல் வழிந்த அன்று, குறை சொன்ன அதே ஆட்கள் கேனோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மாவு பதமாகப் புளித்ததா என்று மூக்காலேயே சொல்லிவிடுகிறவள் அவள். வெண்ணெயில் டீசல் நாறியது, தலையணையில் நாறியது, மகளின் பின்னலில் நாறியது. அதுவும் வெறும் டீசல் நாற்றமல்ல; அடியில் வெதுவெதுப்பாக, கழற்றிப்போட்ட காலுறையைப் போல இன்னொரு வாடை இருந்தது. ஓசியில் கிடைக்கிறதே என்று அவர் வற்புறுத்தி ரொட்டி அடுப்புக்கும் அதையே ஊற்றவைத்தார். வாடிக்கைக்காரர்கள் ரொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். விற்றுத் தொலையுங்கள் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். "செலவே இல்லாத வண்டிய எவனாவது விப்பானா?" என்றார் அவர்.

ஒரு நாள் மின்சாரம் போனபோது பக்கத்துத் தையல்காரர் ஜெனரேட்டரை ஓட்டினார். அது முதலில் இரண்டு முறை சின்னதாகச் செருமி, பிறகு நீளமாக ஒரு முறை காறியது. பல் விளக்கியதும் அவள் கணவர் தொண்டையைச் சுத்தம் செய்கிற அதே விதம். "உங்க வீட்டு டீசல் ஊத்துனதுலேருந்து இப்படித்தான்க்கா" என்றார் தையல்காரர், நூலைப் பல்லால் கடித்தபடி. அவள் சாக்கடையோரம் உட்கார்ந்து வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய், கணவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து மாவு நிறுக்கும் தராசில் ஏற்றினாள். கல்யாணத்தின்போது இருந்த ஆளில் பாதி மூட்டை மாவளவு காணாமல் போயிருந்தது.

"வண்டிக்குச் செலவே இல்லைன்னீங்களே. செலவாகுறது நீங்கதாங்க!"

அவர் குனிந்து தராசு முள்ளைப் பார்த்தார். பிறகு, "அப்பவும் பாரு, கிலோவுக்கு எவ்வளவு தூரம் போயிருக்கு!" என்றார். அவள் தராசு மேலேயே அவரை விட்டுவிட்டு உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். அந்த அடுப்பில் எத்தனை நாள் அவரை எரித்தோம், அந்த ரொட்டியை மகளுக்கு எத்தனை முறை கொடுத்தோம் என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது.

வண்டிக்குச் சங்கிலி போட்டாள். தெருவெங்கும் போய்ச் செலவாகாத கேன்களைத் திரும்ப வாங்கினாள். சாக்கடையில் கொட்டக் கை வரவில்லை. பின்னறையில் வெயில் படாத இடத்தில் அடுக்கி, மேலே ஒரு போர்வையைப் போர்த்தினாள். அவர் வீட்டில் இருந்து தின்று, பழைய உடம்புக்கு வந்தார். ஆனால் முகம் செத்துப்போயிருந்தது. கணவாய்ப் பக்கம் பார்ப்பதையும் விட்டுவிட்டார். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்த அவள், ஒரு கோடையில் மகளைத் தங்கை வீட்டில் விட்டு, வண்டியின் சங்கிலியை அவிழ்த்து, தகரப் பெட்டிகள் நிறைய ரொட்டி அடுக்கி, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள்.

கணவாய்ப் பாதையில் வளைவுக்கு வளைவு அவர் இளைத்தார். அவள் பிடித்திருந்த இடுப்பு கைக்குள் சிறுத்துக்கொண்டே வந்தது. வண்டியை நிறுத்தி நிறுத்தி ரொட்டி கொடுத்தாள். டேங்கிலிருந்து வழிந்தது அவள் செருப்பை நனைத்தது. உச்சியில் மறுபக்கத்துப் பள்ளத்தாக்கைப் பார்த்ததும் அவர் குழந்தை மாதிரி அழுதார். கண்ணீர் கீழே மழைக்குட்டையில் சொட்ட, தண்ணீர்மேல் பல நிறத்தில் எண்ணெய்ப் படலம் விரிந்தது.

"சீ!" என்றாள் அவள். மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவர் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"இறக்கத்துல அவ்வளவு செலவாகாது" என்றார் அவர்.

"பேசாம சாப்பிடுங்க" என்று அவள் அடுத்த ரொட்டியைப் பிய்த்தாள்.