சுண்ணாம்பு பூசிய குழாய்கள்

நாலு நாளாகியும் பீப்பாய்க்குள் ஒரு நுரை கிளம்பவில்லை. சண்முகரத்தினம் பீப்பாயில் காதை வைத்துக் கேட்டார்.

"என்ன கிராணி ஐயா, உள்ள யாராச்சும் பேசுறாங்களா?" பஸ்சை வாசலில் நிறுத்திவிட்டு வேலாயுதம் உள்ளே வந்தான்.

"பேசினால் நல்லதெல்லோ. சாறு பொங்க வேணும், இரைய வேணும். இது பிரேதம் மாதிரிக் கிடக்குது."

"மத்த ரெண்டு பீப்பாயும்?"

"மூண்டும் ஒரே குடும்பம்."

அது 1932. கிள்ளான் ஊரையொட்டிய பண்டமாரான் சதுப்பின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. சதுப்பில் வளரும் குட்டைப் பனையான நிப்பா மரத்தின் குலைத் தண்டைச் சீவி, வடியும் சாற்றை மூங்கில் குழாயில் பிடித்து, புளிக்கவைத்துக் காய்ச்சினால் ஸ்பிரிட் கிடைக்கும். பெட்ரோலுக்குப் பதிலாக அதில் வண்டி ஓட்டிக் காட்டுவது சண்முகரத்தினத்தின் வேலை. யாழ்ப்பாணத்து மனுஷர், கிராணி என்கிற குமாஸ்தா உத்தியோகம், பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸில் வீடு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெப்பமானி. சனிக்கிழமை துரை வருகிறார். வேலாயுதத்தின் பஸ் ஸ்பிரிட்டில் பிரிக்பீல்ட்ஸ் வரை ஓடினால் கொட்டகை நிலைக்கும். ஓடாவிட்டால் பூட்டு.

பூட்டு என்றால் நாகையாவுக்கும் வீரம்மாவுக்கும் கப்பல். ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆளைக் குறைத்தபோது, கள் இறக்கிக்கொண்டிருந்த நாகையாவுக்கு இந்தச் சதுப்பு வேலை கிடைத்தது. இதுவும் போனால் நாகப்பட்டினத்துக்கு டிக்கெட் கொடுத்து ஏற்றிவிடுவார்கள்.

"அங்க போயி யார் வீட்டுக் கதவைத் தட்டுறது? நான் பொறந்ததே கிள்ளான்ல" என்பாள் வீரம்மா.

அவள் அப்போதுதான் சாற்றுக் குடத்தோடு உள்ளே வந்தாள். பின்னால் முழங்கால் சேற்றோடு நாகையா.

"வாங்க மாமா," என்றான் வேலாயுதம். "மரம் ஏறாத மரமேறி நீங்க ஒருத்தர்தான்."

"நிப்பா இடுப்பு உசரத்துல காய்க்குதுப்பா. நீ ஏறிக் காட்டு, பாக்குறேன்."

சண்முகரத்தினம் சிரிக்கவில்லை. குடத்தில் ஒரு சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தார். அது நீலமானது. இன்னொன்றை நனைத்தார். அதுவும் நீலம்.

"நாகையா, இதுக்குள்ள என்ன போட்டனீர்?"

"சத்தியமா ஒண்ணும் போடலீங்க. குழாய் கழுவுறது இவதான்."

எல்லாரும் வீரம்மாவைப் பார்த்தார்கள்.

"கழுவி, உள்ள லேசா சுண்ணாம்பு பூசினேன்," என்றாள் அவள். "எங்கம்மா தென்னையில பதநீருக்குப் பூசுவாங்க. பூசினா புளிக்காது."

"ஐயோ! புளிக்கத்தானே வேணும்!"

"நீங்கதானே போன மாசம் கத்துனீங்க? 'சம்பான் படகில வந்து சேருமுன்னம் புளிச்சுக் காடியாப் போச்சுது, காடியாப் போச்சுது'ன்னு! சரி, மனுஷன் வருத்தப்படுறாரேன்னு பூசினேன்."

சண்முகரத்தினம் அப்படித்தான் கத்தியிருந்தார்.

நாகையா தலையில் கை வைத்தான். "வண்டிக்குக் கள்ளுதான் வேணும்னு உனக்குத் தெரியாதா?"

"வண்டி சுத்தபத்தமா இனிப்பு குடிக்கட்டுமேன்னு நினைச்சேன். நீங்க என்னைக்காச்சும் வெவரமா சொன்னீங்களா? குழாயைக் கழுவுன்னீங்க, கழுவினேன்." கிராணி பக்கம் திரும்பினாள். "என்னாலதான் கப்பலா, ஐயா?"

அவர் குடத்தருகே போய்க் குந்தினார். குடத்துச் சாற்றில் விரலைத் தோய்த்து நக்கினார். பீப்பாய்க்குப் போய் அதையும் நக்கினார்.

"இது எப்ப இறக்கின சாறு?"

"போன வாரம்."

"இன்னும் இனிக்குதே! முந்தி ஒரு நாளைக்குள்ள பாதிச் சீனி காடியாப் போயிடும். இப்ப முழுச் சீனியும் உள்ளுக்கு இருக்குது. சுண்ணாம்பின்ர காரத்தை முறிச்சால் போதும், பொங்கும். ஆனால் ஆசிட் சிங்கப்பூரில இருந்து வர ரெண்டு கிழமை, பதினாலு நாள் செல்லும்."

"ஆசிட்னா என்னாங்க?"

"புளிப்பு."

"புளிப்புக்கா சிங்கப்பூர் போகணும்?" வீரம்மா கண்ணைத் துடைத்தாள். "டின்னுல அன்னாசி அடைக்கிற பேக்டரியில மலை மாதிரி தோல் கெடக்கு. ஈ மொய்க்குது. ஒரு நாள் விட்டா அதுவே நுரைச்சு வழியும்."

சண்முகரத்தினம் அவளையே பார்த்தார். "புளிப்பும் இருக்கு, நுரைக்கிற சரக்கும் இருக்கு... வேலாயுதம், பஸ்சை எடும்!"

"ஐயா, டிரிப் இருக்கு, ஆளுங்க நிக்கிறாங்க."

"ஆக்களோட தோலும் வரட்டும்."

அன்று கிள்ளான் பஸ்சில் பதினோரு சாக்கும் ஒன்பது பேரும் ஏறினார்கள். "டிரைவர் அண்ணே, சாக்குக்கும் டிக்கெட் கிழிச்சீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். "அது ஜன்னலோரமா உக்காந்திருக்கு, நான் நிக்கிறேன்லா!"

தோலை இடித்துப் பிழிந்து, தாள் சிவக்கும் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். செவ்வாய்க்கிழமை காலை சண்முகரத்தினம் பீப்பாயில் காதை வைத்தார். பிறகு வீரம்மாவைக் கூப்பிட்டு அவளையும் வைக்கச் சொன்னார்.

"மழை பேயுற மாதிரி கேக்குதுங்க!"

வெள்ளிக்கிழமை காய்ச்சி இறக்கினார்கள். முன்பு ஒரு பீப்பாய்க்கு நாலு போத்தல். இப்போது பதினொன்று. யாரும் குடித்துவிடாதபடி சட்டப்படி மண்ணெண்ணெய் கலந்தார்கள். நாகையா அதைப் பார்க்கச் சகிக்காமல் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

சனிக்கிழமை துரை முன் சீட்டில் ஏறினார், மற்ற மூவரும் பின்னால். வேலாயுதம் கார்புரேட்டர் துளையைப் பெரிசாக்கியிருந்தான். ஒரு மடக்குப் பெட்ரோல் விட்டு எஞ்சினை உசுப்பி, சூடானதும் ஸ்பிரிட் குழாயைத் திருப்பினான். பஸ் இருமியது, ஓடியது. பத்து தீகா என்ற ஊரின் ஏற்றத்தில் மறுபடி இருமியது.

"தம்பி, நிக்கப் போகுதா?" வீரம்மா கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"பேச்சுக் குடுக்காதீங்கக்கா, அதுக்கு வெக்கம்."

கியரைக் குறைத்தான். பஸ் முனகிக்கொண்டே ஏறி, மேலே போனதும் சீராகப் பாடத் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் முன்னால் நின்றபோது, சுற்றிக் கூடியவர்கள் மூக்கைச் சுளித்தார்கள்.

"என்னா அண்ணே, பஸ்சு அன்னாசி தின்னுச்சா?"

துரை இறங்கி, ஸ்பிரிட் டாங்கில் குச்சியை விட்டுப் பார்த்தார். இன்னும் கால்வாசி இருந்தது. சண்முகரத்தினத்திடம் இங்கிலீஷில் விசாரித்தார். வீரம்மாவின் சுண்ணாம்பால் சாறு கெடாமல் சேர்வதே பெரிய சங்கதி, இனி தூரத்துச் சதுப்பிலிருந்தும் கொண்டுவரலாம் என்று இவர் விளக்க, துரை நோட்டைத் திறந்து வீரம்மா பக்கம் திரும்பி மலாய் மொழியில் கேட்டார்.

"கப்பூர், பெராப்பா?"

"சுண்ணாம்பு எவ்வளவு எண்டு கேக்கிறார்," என்றார் சண்முகரத்தினம். "சரியாச் சொல்லும். புதுசா நூறு குழாய் போடப் போறாராம், அளவை எழுதிக்கொண்டு வேற ஆக்களை வைச்சுச் செய்யலாம் எண்டு யோசிக்கிறார்."

நாகையா அவள் முகத்தைப் பார்த்தான். வீரம்மா துரையின் நோட்டைப் பார்த்தாள்.

"ஒரு விரல்," என்றாள்.

"எந்த விரல்?"

"என் விரல்."

"அதை எப்பிடி எழுதுறது, வீரம்மா?"

"எழுத முடியாதுங்க. வெயில் அடிச்சா கொஞ்சம் குறையும், மழைன்னா கூடும். குழாய் புதுசா பழசான்னு பாக்கணும். கூடிப்போனா உங்க பீப்பாய் மறுபடியும் பேசாது. துரைகிட்ட அப்படியே சொல்லுங்க."

சண்முகரத்தினம் அப்படியே சொன்னார், ஒரு வார்த்தை குறைக்காமல். துரை பென்சிலால் மோவாயைத் தட்டினார். பிறகு சிரித்துவிட்டு, அளவு எழுத வைத்திருந்த இடத்தில் வேறு ஏதோ எழுதினார்.

"என்னா எழுதுறாரு?" என்றான் நாகையா.

"உம்மட மனுசியின்ர பேரை. எழுத்துக்கூட்டிச் சொல்லட்டாம்."