மீதி நாற்பத்தேழு கிலோ

லாரி எடைமேடையில் இருபத்துமூன்று வருடம் குப்பை கொட்டியவரை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமா? முன்சக்கரத்தை மேடைக்கு வெளியே அரை அடி தள்ளி நிறுத்திவிட்டு, பச்சைப் பிள்ளை மாதிரி வானத்தைப் பார்க்கும் டிரைவரைக் கண்ணாடி அறையிலிருந்தே பிடித்துவிடுவார். "மீதி எங்கடா?" என்பார், அவ்வளவுதான். டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் தராசு.

தராசின் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். கண்ணாடி அறைக்குப் பன்னிரண்டு படி. ஆறாவது படியிலேயே உயிர் போய் உயிர் வந்தது.

"ரெண்டு மாசம் லீவு எடுத்துக்கங்க. அப்பவும் ஏற முடியலன்னா கேட்ல உக்காந்து சீட்டு கிழிங்க. மேல வேற ஆள் போட்டுக்கறேன்" என்றுவிட்டார் முதலாளி. சீட்டு கிழிப்பதா? தராசுக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்தால் எடை குறையும் என்றார் டாக்டர். எடை குறைந்தால்தானே நடப்பது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். பிசியோதெரபி கூடத்தில் ஒரு டிரெட்மில், அதைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு ஒரு பெரிய பை. அங்கிருந்த பெண் அவருக்கு இறுக்கமான கால்சட்டை ஒன்றை மாட்டிவிட்டு, அதைப் பையோடு ஜிப் போட்டு இணைத்தாள். புஸ்ஸென்று காற்று ஏறியது. இடுப்பைப் பிடித்து யாரோ தூக்கியது போலிருந்தது. திரையில் அறுபது சதவீதம். அதாவது, காலுக்கு எழுபத்தொரு கிலோதான்.

பத்து நிமிடம் நடந்தார். வலியைக் காணோம். வேறு யாராவது என்றால் பெரிய கும்பிடாகப் போட்டிருப்பார்கள். தராசுக்குச் சந்தேகம் வந்தது.

"மீதி நாப்பத்தேழு கிலோ எங்கம்மா?"

"காத்து தாங்குது சார்."

"காத்து எது மேல நிக்குது?"

"மெஷின் மேல. மெஷின் தரை மேல." அவள் சிரித்துவிட்டாள். "உங்க எடை எங்கயும் போகல சார். முட்டிக்கு மட்டும்தான் லீவு. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுவோம்."

அப்படியென்றால் இவர் சுமக்காததை வேறு எதுவோ சுமக்கிறது. இது அவர் மண்டையைக் குடைந்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக எடை மெஷினைக் கூடத்தில் போட்டு ஏறி நின்றார். எண் தொப்பைக்கு அந்தப் பக்கம் இருந்ததால் மனைவிதான் குனிந்து படித்தாள். நூற்றுப் பதினெட்டு. மேசையில் கை ஊன்றினார். நூற்றொன்பது. அடடே என்று உற்சாகமாகிவிட்டார். அடுத்து, மாடிப்படியில் வழக்கமாகப் பிடிப்பதுபோல அவளுடைய இடது தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தொண்ணூத்தாறு" என்றாள்.

"பாத்தியா? இருபத்திரண்டு கிலோ உன் மேல."

"இத இப்பதான் கண்டுபிடிச்சீங்களாக்கும். என் தோளுக்கு ரெண்டு வருஷமா தெரியும்." தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தராசுக்கு வெட்கமாகப் போயிற்று. அந்தத் தைல வாசனை இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறது. அரை அடி சக்கரத்தைக் கண்டுபிடிக்கிற ஆள், எதற்கென்று ஒரு நாள் கேட்டதில்லை.

அதன்பிறகு அவர் ஒரு நாள்கூட டிரெட்மில்லுக்கு மட்டம் போடவில்லை. அறுபது எழுபதானது, எழுபது எண்பத்தைந்தானது. முழங்கால் சில நாள் முரண்டு பிடித்தது. அந்தப் பெண் காற்றைக் கொஞ்சம் கூட்டினாள், சமாதானமானது. உடம்பிலும் ஆறு கிலோ இறங்கியிருந்தது.

லீவு முடிந்த அன்று மனைவியும் கூட வந்தாள். படிக்கட்டின் அடியில் நின்று, பழக்கதோஷத்தில் தோளைக் காட்டினாள்.

"வேணாம்" என்று இரும்புக் கம்பியைப் பிடித்தார். ஆறாவது படியில் முழங்கால் சுருக்கென்றது. நின்றார், மூச்சு விட்டார், ஏறினார். கீழே அவள் எண்ணிக்கொண்டிருந்தது கேட்டது. பன்னிரண்டு.

நாற்காலியில் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார். வீட்டுக்குக் கிளம்பிய மனைவி, லாரி நிற்கும் மேடையைக் கடக்கும்போது நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, நான் எவ்வளவு?"

தராசு ஜன்னலைத் திறந்தார்.

"அறுபது. அவ்வளவும் உன்னோடது மட்டும்தான்."