தவறாமல் வந்த தீப்பந்து

2019 மார்ச் 9, சனிக்கிழமை காலை, புகழ்பெற்ற சண்டை வீடியோ விளையாட்டு ஒன்றின் முதல் பாகம் ஓடும் அசல் இயந்திரம் இது என்று சொல்லி, ஒரு வியாபாரி அதை எங்கள் விளையாட்டுக்கூடத்தில் இறக்கினார். மாற்றாக, கூட்டம் சேர்க்கும் எங்கள் இரண்டு இயந்திரங்களைக் கேட்டார். தம்பி உடனே தலையாட்டிவிட்டான். எனக்கு மனம் ஒப்பவில்லை.

"அக்கா, நீ கடவுளே வந்தாலும் அடையாள அட்டை கேப்பே."

"கேப்பேன்டா. முதல்ல ஆடிக் காட்டு."

அவன் இயந்திரத்தின் கைப்பிடிக் குச்சியைச் சுழற்றிப் பொத்தானை அழுத்தினான். திரையில் வீரனின் கையிலிருந்து தீப்பந்து பறந்தது. பத்து முறை அழுத்தினான்; பத்து முறையும் பறந்தது.

"பாத்தீங்களாம்மா? வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகுது!" என்றார் வியாபாரி.

என் சந்தேகம் உறுதிப்பட்டது. முதல் பாகம் அரைவேக்காடாக வெளிவந்தது. இளமையில் நாங்கள் நாள் முழுக்கக் குச்சியை உருட்டினாலும், அந்தத் தீப்பந்து அத்தி பூத்தாற்போல்தான் வரும்.

"நீ எப்படா இவ்வளவு கெட்டிக்காரன் ஆனே?" என்று கேட்டேன். தம்பி குச்சியை விட்டுவிட்டு வியாபாரியைப் பார்த்தான்.

"உள்ள இருக்கிற மின்சுற்றுப் பலகையை மாத்தியிருக்கோம்மா. ஆடுறவங்க வசதிக்குத்தான்," என்று அவர் முனகினார்.

மாற்றிக்கொள்வதில்லை என்று இருவரும் முடிவு செய்தோம். வியாபாரி தம் இயந்திரத்தை நண்பகலுக்குள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.